கடலில் வந்த பிரசாதம்

சாப்பிடக் கூடாததைச் சாப்பிட்டவர்கள் உலகத்தில் ஏராளம். நான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவன் அல்ல. சாப்பிட்டதோடு நிற்காமல், மிச்சத்தைக் கைக்குட்டையில் முடிந்து, எந்த ஒரு ஜீவனுக்கு அதைக் கொடுக்கவே கூடாதோ அந்த ஜீவனிடமே கொண்டுபோய்ச் சேர்த்தவன். இந்தக் காரியத்தில் எனக்குப் போட்டி யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

எங்கள் குடும்பத்தில் இந்தச் சம்பவத்துக்குப் பெயரே உண்டு: 'கடல் பிரசாதம்'. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் உறவில் யார் வீட்டில் இலை போட்டாலும், பாயசம் வருவதற்கு முன் என் மனைவியின் அண்ணன் நடேசன் தொண்டையைக் கனைப்பார். அவ்வளவுதான், பந்தி முழுவதும் என் பக்கம் திரும்பும். பதினோரு வருஷமாக இந்தக் கதையைச் சொல்கிறார். சொல்லச் சொல்ல அவர் அதில் வீரராகிக்கொண்டே போகிறார்; நான் கோமாளியாகிக்கொண்டே போகிறேன். போன தடவை எங்களை நாற்பது மலாய்க்காரர்கள் பாராங் கத்தியோடு துரத்தினார்கள். (ஒருவரும் துரத்தவில்லை. துரத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.) ஆகவே நடந்ததை நடந்தபடி ஒரு தடவை எழுதி வைத்துவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. கோலாலம்பூர் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. காதில் பென்சில், கையில் தாள், வாயில் அதட்டல். வெள்ளிக்கிழமைதோறும் கோவிலில் சுண்டல் விநியோகமும் என் பொறுப்பு. யாருக்கு முதலில் கொடுப்பது, யாருக்கு இரண்டாவது கை வைப்பது, வீட்டில் படுத்திருக்கும் நோயாளிக்குத் தனியாக எப்படிப் பொட்டலம் கட்டுவது, எல்லாம் எனக்கு அத்துப்படி. பிரசாத விஷயத்தில் மலாய் நாட்டிலேயே என்னை மிஞ்ச ஆளில்லை என்று மனதார நம்பியிருந்தேன்.

அதே ஷெட்டில் மூட்டை தூக்கும் வேலை யூசோப்புக்கு. என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஆனாலும் என்னை 'அபாங்' என்றுதான் கூப்பிடுவான். மலாயில் அண்ணன் என்று அர்த்தம். கிராணிக்குக் கொடுக்கிற மரியாதையும் ஆயிற்று, சிநேகமும் ஆயிற்று. தமிழ் தெரியாமல் அந்த ஷெட்டில் மூட்டை தூக்க முடியாது என்பதால் தமிழும் நன்றாகப் பேசுவான். மத்தியானம் அவன் சோற்றுப் பொட்டலத்தையும் என் தூக்குச்சட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு வருஷம் சாப்பிட்டிருக்கிறோம். மோரிபுக்குத் தெற்கே கடலோரக் கம்பம் ஒன்றில் அவன் வீடு. (மலாய்க்காரர் கிராமத்துக்குக் கம்பம் என்று பெயர்.) மாதம் ஒரு முறை போய் வருவான். "ஒரு தடவை வாங்க அபாங், எங்க கடலைப் பாருங்க" என்று அவன் அழைப்பதும், "ஆகட்டும், ஆகட்டும்" என்று நான் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம்.

விடாதவர் மச்சான். அவருக்கு ஓர் அச்சாபீஸில் எழுத்துக் கோர்க்கும் வேலை. பகலெல்லாம் வெள்ளைக்காரர்கள் காட்டிலும் கடலிலும் சுற்றிய வரலாறுகளை எழுத்து எழுத்தாகப் பொறுக்கி அடுக்கியதில் அவருக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. "துரைமாருங்க மட்டும்தான் கடற்கரையை ஆராயணுமா மாப்ளே? நமக்குக் கால் இல்லையா?" என்பார். காக்கி நிஜார் தைத்துக்கொண்டார். தக்கைத் தொப்பி ஒன்றும் பிரம்பு ஒன்றும் சம்பாதித்தார். சீனப் பெருநாள் விடுமுறைக்கு நாங்கள் இருவரும் 'கடலோர யாத்திரை' போவதாகத் தெரு முழுக்கச் சொல்லியும் விட்டார்.

நான் யூசோப்பிடம் சொன்னேன். அவன் முகம் வாடியது.

"இந்த மாசம் வேணாம்லா அபாங். என் பொண்ணு அமீனாவுக்கு ஜொரம். ஒரு மாசமா விட்டு விட்டு வருது. நாளைக்கே நான் லீவு போட்டுட்டுப் போறேன். அடுத்த மாசம் வாங்க, நானே படகுல கூட்டிட்டுப் போறேன்."

இதைவிடத் தெளிவாக ஒருவன் வராதே என்று சொல்ல முடியாது. அமீனாவுக்கு ஐந்து வயது, அவனுக்கு ஒரே குழந்தை. எனக்கும் புரிந்தது. ஆனால் கல்யாணமாகி எட்டு மாதமே ஆன மாப்பிள்ளை நான். மனைவியின் அண்ணன் பேச்சைத் தட்டினால் வீட்டில் ஒரு வாரத்துக்குச் சோறு ஆறிப்போய் வரும். மச்சானிடம் சொன்னபோது அவர் பிரம்பைத் தட்டிக்கொண்டு, "கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லைன்னா பாக்கப் போறதுதானே மரியாதை?" என்றார். நோயாளியைப் பார்க்கப் போகிறவர் எதற்குத் தொலைநோக்கி எடுத்துக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.

கிள்ளான்வரை ரயில். அங்கிருந்து தெலுக் பங்லிமா காராங் வழியாக, கோழிக் கூடைகளுக்கு நடுவில், ஓர் ஓட்டை மோட்டார் பஸ். ஆற்றைக் கடக்கப் படகு. பிறகு மாட்டு வண்டி. கம்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலமாகிவிட்டது. படகுகள் எல்லாம் கரையேறிக் கிடந்தன. வலைகள் மூங்கிலில் தொங்கின. யூசோப் எங்களைப் பார்த்ததும் ஒரு நொடி அப்படியே நின்றான். பிறகு சிரித்தான். வீட்டுக்கு வந்தவனைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கத் தெரியாத மனிதன் அவன்.

அமீனா பாயில் சுருண்டு கிடந்தாள். கண்கள் மட்டும் பெரிதாக இருந்தன. அவள் அம்மா பாத்திமா எங்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு மறுபடி குழந்தையின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

யூசோப் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "இன்னிக்கு மத்தியானம்தான் பாவாங் வந்து சடங்கு முடிச்சாரு. இனிமே மூணு நாளைக்கு யாரும் கடல்ல எறங்கக் கூடாது. கரைக்கே போக வேணாம். போனா சீக்கு திரும்பி வந்துடும். ஊரே படகை ஏத்தி வச்சிருக்கு, அபாங். எம் பொண்ணுக்காக."

பாவாங் என்பவர் கடலுக்கும் நோய்க்கும் பரிகாரம் செய்கிற பெரியவர். நான் "சரி யூசோப்" என்றேன். மூன்று தடவை "சரி" சொன்னதாக ஞாபகம். மாரியம்மன் திருவிழாவில் காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். ஒரு தடவை தாண்டி முதுகில் வாங்கியும் இருக்கிறேன். அதே மாதிரி ஒரு கட்டு மலாய்க்காரர்களுக்கும் இருக்கும், அது விருந்தாளியையும் சேர்த்துத்தான் என்பது என் மண்டையில் ஏறவில்லை. அவர்கள் கட்டு அவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை யூசோப் தென்னந்தோப்புக்குப் போயிருந்தான். மச்சான் நிஜாரை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

"கடல்ல எறங்கக் கூடாதுன்னுதானே சொன்னான்? கடலே உள்ள போயிடுச்சு, பாருங்க மாப்ளே. இப்ப அது தரை."

உண்மைதான். நீர் வற்றி, கண்ணுக்கெட்டிய தூரம் சேறு பளபளத்தது. அந்த ஓரத்தை மணற்பாங்கான கடற்கரை என்று யாரும் எண்ண வேண்டாம். பாக்காவ் மரங்கள், வெளியே நிற்கும் வேர்கள், வேரில் கத்தி போல் ஒட்டிய சிப்பிகள், நடுநடுவே கறுப்புப் பாறை. கால் வைத்த இடமெல்லாம் முழங்கால் வரை போயிற்று. பத்தாவது அடியில் என் இடது கால் பூட்ஸை மலாய் நாட்டுக்குத் தானம் செய்தேன். மச்சான் எடுத்து வந்த பிஸ்கட் டின் இன்னோர் இடத்தில் போயிற்று. அதை எடுக்கக் குனிந்ததில் தொலைநோக்கியும் கூடவே போயிற்று. சேற்றில் துள்ளும் மீன்கள் எங்களைச் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. மச்சான் தொடை வரை புதைந்துகொண்டு, தொப்பி மட்டும் கலையாமல், "வழிகாட்டி இல்லாம வந்தது தப்பு" என்றார். அந்த வழிகாட்டியே எங்களை வரவேண்டாம் என்று சொன்னதை நான் நினைவூட்டவில்லை. எனக்கும் அப்போது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

ஒருவழியாக ஒரு பாறையில் ஏறினோம். ஏறிய பிறகுதான் நீர் திரும்புவது தெரிந்தது. வந்த வழியெல்லாம் தண்ணீர். வெயில் உச்சிக்கு வந்தது. ஆராய்ச்சியாளர்கள் இருவரும் பாறையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். மச்சான் அழுதார் என்று நான் சொல்ல மாட்டேன். (கண்ணைத் துடைத்துக்கொண்டார். உப்புக் காற்றாம்.)

அப்போதுதான் அது வந்தது. மட்டையில் செய்த ஒரு சின்னப் படகு. ஒரு முழ நீளம் இருக்கும். துணியில் பாய், ஓரத்தில் மஞ்சள் கொடி. ஏறும் நீரில் ஆடி ஆடி வந்து எங்கள் பாறையடி வேரில் சிக்கிக்கொண்டது. உள்ளே பார்த்தேன். பொரி. மஞ்சள் சோறு. வெற்றிலை பாக்கு. ஒரு சீப்பு வாழைப்பழம். வேகவைத்த முட்டை. எரிந்து முடிந்த மெழுகுவத்தி. சாம்பிராணி வாசம்கூட இன்னும் போகவில்லை.

இதைப் பார்த்த எந்தத் தமிழனுக்கும் என்ன தோன்றுமோ அதுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் எனக்கு ஒரு படி கூடுதலாகத் தோன்றியது. நான்தான் சுண்டல் நிபுணன் ஆயிற்றே.

"மச்சான்! இது யூசோப் சொன்ன பூஜையோட பிரசாதம்! சாமிக்குப் படைச்சிட்டு அப்படியே விட்டுட்டாங்க. கொடுக்கத் தெரியல, பாவம்."

மச்சான் தயங்கினார். நான் உண்மையைச் சொல்லத்தானே எழுதுகிறேன்? அவர் தயங்கினார். "அடுத்தவங்க சாமிக்கு வச்சது. நமக்கு எதுக்கு மாப்ளே?" என்றார். நான்தான் விடவில்லை. "கை தேடி வந்த பிரசாதத்தை வேணாம்னு சொன்னா தோஷம் மச்சான்" என்று அடித்துச் சொல்லி, அவர் கையில் ஒரு முட்டையை வைத்தேன். சோறு லேசாகப் புளித்திருந்தது. அதைப் புளியோதரை என்று சொல்லிக்கொண்டு தின்றேன்.

இங்கே நிறுத்தியிருந்தால் இது வெறும் பசிக் கதை. ஆனால் பொட்டலம் கட்டும் புத்தி சும்மா இருக்குமா? பூஜை யாருக்காக நடந்ததோ அவளுக்குப் போய்ச் சேராத பிரசாதத்தால் அவளுக்கு என்ன பலன்? நாலு பழமும் இரண்டு கை பொரியும் எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தேன். படகு அழகாக இருந்தது. குழந்தை விளையாடுவாள் என்று அதையும் எடுத்துக்கொண்டேன். நீர் மறுபடி வற்றியதும் இறங்கி, ஒற்றைப் பூட்ஸோடு, படகைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்த நடையில் என் மனம் எவ்வளவு நிறைவாக இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

வீட்டில் குழந்தை மட்டும் இருந்தாள். அன்று காய்ச்சல் இல்லை. எழுந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படகைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "என் படகு வந்துடுச்சு" என்று மலாயில் சொன்னாள். அவள் பக்கத்தில் வைத்துத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். நான் அதை அவள் மடியில் வைத்தேன். பழத்தை உரித்துக் கொடுத்தேன். கொஞ்சம் பொரியை எடுத்து, கண்ணை மூடி ஒரு கணம் வேண்டிக்கொண்டு, அவள் வாயில் போட்டேன்.

பாத்திமா கிணற்றடியிலிருந்து வந்தாள். கத்தவில்லை. ஓடி வந்து குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டு இருந்ததையெல்லாம் தோண்டி எடுத்தாள். குழந்தை அலறியது. படகை அவள் தொடவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, படுக்கைப் பாயோடு சேர்த்துத் தள்ளினாள். சத்தம் கேட்டு யூசோப் ஓடி வந்தான். படகைப் பார்த்தான். என் கால் சேற்றைப் பார்த்தான்.

"அபாங், இது எங்க இருந்துச்சு?"

"கடல்ல."

"கடலுக்கா போனீங்க?"

"கொஞ்சம்தான்" என்றேன்.

"அவ சீக்கை எல்லாம் அதுல ஏத்தித்தான் அனுப்பினோம்" என்றான் யூசோப். "எங்க கண்ணுல படாம போகணும்னு அனுப்பினோம். நீங்க தூக்கிட்டு வந்து அவ மடியில வச்சிருக்கீங்க."

மச்சான் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தார். அவர் கதையில் இது நான் எடுத்த வாந்தி. எனக்கு வாந்தி வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

பாவாங் வந்தார். எலும்பும் தோலுமான கிழவர். படகைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றார். புதுப் படகு, புதுச் சடங்கு, மறுபடி மூன்று நாள் ஒருவரும் கடலில் இறங்கக் கூடாது. கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் வாசலில் நின்று கேட்டார்கள். ஒருவரும் எங்களைத் திட்டவில்லை. ஒரு வயதானவர் மட்டும், காலையில் சரி பார்த்து மடித்து வைத்த வலையை மறுபடி மூங்கிலில் எடுத்துப் போட்டார். கதையில் வரும் பாராங் கத்திகள் எல்லாம் இந்த ஒரு வலைதான்.

அன்று சாயங்காலம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. எத்தனை போர்வை போட்டும் நிற்கவில்லை. மறுநாள் பொழுது விடிந்ததும் யூசோப் வண்டி பிடித்து எங்களை ஏற்றிவிட்டான். புதுச் சடங்கு நடக்கும்போது நாங்கள் அங்கே இருக்கக் கூடாதாம். வண்டி கிளம்பும்போது "யூசோப், எனக்குத் தெரியாதுப்பா" என்றேன். அவன் மாட்டின் கயிற்றைச் சரி பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு இரண்டு வாரம் அவன் வேலைக்கு வரவில்லை. அந்த இரண்டு வாரமும் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஷெட் வாசலில் யார் நிழல் விழுந்தாலும் நிமிர்ந்து பார்ப்பேன். ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஒருவரிடம் சுற்றி வளைத்து விசாரித்தேன். "அது முறைக் காய்ச்சல் கிராணி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். நீங்க போனாலும் வரும், போகாட்டியும் வரும்" என்றார். ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆறுதலை நான் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? பாத்திமாவிடமா? ஒரு பொட்டலம் கொண்டுபோனது போதாதா?

பதினைந்தாம் நாள் யூசோப் வந்தான். நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"கொழந்தை எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா, துவான்" என்றான்.

துவான் என்பது எஜமானைக் கூப்பிடுகிற வார்த்தை. வெள்ளைக்காரத் துரையை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். மத்தியானம் அவன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தராசுப் பக்கம் போய் உட்கார்ந்தான். கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. சொன்ன வேலையை உடனே செய்வான். நான் எத்தனையோ விதமாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் "ஆமா துவான்", "இல்லை துவான்". பதினோரு வருஷமாக இதுதான்.

போன வாரம் ஷெட்டில் ஒரே கலகலப்பு. யூசோப் ஒவ்வொருவரிடமாகப் போய், வலது கையை நெஞ்சில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தான். தராசுக்காரச் சீனன், தெலுங்குக்காரக் காவலாளி, நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒருவர் பாக்கியில்லை. கடைசியில் என் மேஜைக்கு வந்தான். நான் பேனாவைக் கீழே வைத்தேன். என் முகம் தானாகச் சிரிக்க ஆரம்பித்துவிட்டது.

அவன் ஒரு தாளை நீட்டினான். "லீவுக் கடுதாசி, துவான். திங்கக்கிழமையில இருந்து நாலு நாள். பொண்ணுக்குக் கல்யாணம்."

"அமீனாவுக்கா?"

"ஆமா துவான்."

நான் கையெழுத்துப் போட்டேன். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். அந்தக் கம்பத்துக்கு ஷெட்டே திரண்டு போகிறது. வேலையைப் பார்த்துக்கொள்ள நான் ஒருவன் இருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சானின் மூத்த பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். பந்தியில் மச்சான் கனைத்தார். பாறை வந்தது, பூட்ஸ் வந்தது, நாற்பது பேர் வந்தார்கள். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. என் மனைவி கமலமும் வழக்கம்போல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் இந்தக் கதைக்கு நடுவில் வாய் திறந்ததே கிடையாது. அன்று என்னவோ தாங்கவில்லை.

"மச்சான், யூசோப் பொண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம். ஷெட்ல எல்லாரையும் கூப்பிட்டான். என்னைக் கூப்பிடல."

மச்சான் அப்பளத்தை நொறுக்கிய கையோடு என்னைப் பார்த்தார்.

"எந்தப் பொண்ணு?"

"அந்தக் கொழந்தைதான் மச்சான். அமீனா."

"அங்க கொழந்தை ஒண்ணு இருந்துச்சா மாப்ளே?" என்றார்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார். பதினோரு வருஷம் சொல்லிச் சொல்லித் தேய்ந்ததில் குழந்தை கதையிலிருந்து எப்போதோ உதிர்ந்து போய்விட்டாள். நான் பதில் சொல்வதற்குள், தாமதமாக வந்த சம்பந்தி வீட்டார் நாலு பேர் எதிர்ப் பந்தியில் உட்கார்ந்தார்கள். அவர்கள் இந்தக் கதையைக் கேட்டதே இல்லையாம். மச்சான் மறுபடி தொண்டையைக் கனைத்தார். கமலம் என் தோளைத் தட்டி, "கொஞ்சம் நிமிந்து உக்காருங்க, அவங்களுக்கு உங்க முகம் தெரியல" என்றாள்.